கசக்க வேண்டிய மாத்திரை

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் என் கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இடுப்புல சுருக்குனு புடிக்குது டீச்சர், நீ முன்னால போ" என்றார். ஊரப்பாக்கத்தில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். தங்கையின் கணவருக்கும் இவருக்கும் ஒத்துவராது. வராமல் தப்பிக்க ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். "அங்க வந்து தலையைக் காட்டிட்டு அப்புறம் வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

அவருடைய வலியை நான் நம்பாமல் போனது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது எலும்பு வலியோடு படுத்திருக்கலாம், மருந்துப் பெட்டி உங்கள் கையில் இருக்கலாம். என்னைப் போன்ற சந்தேகப் பிராணியின் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பரீட்சை அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தே நிஜமா நடிப்பா என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் நான் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வினை. என் கணவர் சபாபதி மின்சார ரயில் ஓட்டியவர். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து, அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் இந்த இடுப்பு வலி வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன்.

முதல் ஆறு மாதம் தைலம், ஒத்தடம், ஊசி என்று போயிற்று. பக்கத்துத் தெரு டாக்டர், "வருஷக்கணக்கா உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, தேய்மானம் இருக்கத்தான் செய்யும்" என்றார். எனக்கு அவர் மேலும் சந்தேகம். எல்லா நோயாளிக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைத் தருகிறார் என்று. அதனால் வீட்டில் நானே பயோகெமிக் கொடுத்தேன். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அந்தச் சின்னப் புட்டிகள் வரிசையாக இருக்கும். பால் சர்க்கரையில் செய்த இனிப்பு மாத்திரைகள். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் தெருவுக்கே வைத்தியம் பார்த்தவள்.

சிறுநீர் போவதில் சிரமம் வந்து, அதன் பின்தான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை, சதைப் பரிசோதனை, எலும்பு ஸ்கேன் (மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு எலும்புகளை எடுக்கும் படம்) எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் நிர்மலா என்ற பெண் டாக்டர் என்னையும் என் மகன் முரளியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். பிராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழ் இருக்கும் சுரப்பி) புற்றுநோய், எலும்புகளுக்கும் பரவிவிட்டது என்றார். ஸ்கேன் படத்தில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. படம் வேறு யாருடையதாவது மாறி வந்திருக்குமோ என்று மேலே எழுதியிருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன்.

"அப்பாகிட்ட சொல்ல வேணாம்மா, தாங்க மாட்டார்" என்றான் முரளி. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், நாங்களும் செய்தோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம், "எலும்புத் தேய்மானம் ஜாஸ்தியா இருக்காம்" என்றேன். "அதைச் சொல்லவா அரை மணி நேரம்?" என்றார்.

பெண் ஹார்மோன் மாத்திரை (ஆண் ஹார்மோனை அடக்கி நோய் வளராமல் பிடித்து வைப்பது) கொடுத்தார்கள். பத்து மாதம் நன்றாகவே இருந்தார். சைக்கிளில் காய்கறி வாங்கிவந்தார். ஆனால் மார்பு வீங்கத் தொடங்கியது, சட்டை பட்டாலே கூசியது. ஒரு நாள் கண்ணாடி முன் நின்றுகொண்டு, "எலும்புத் தேய்மானத்துக்கு மார் ஏன் டீச்சர் வீங்குது?" என்று கேட்டார். "மருந்துச் சூடு" என்றேன். "எந்தப் பாடத்துல வருது இது?" என்று சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு வலி திரும்ப வந்தது. இந்தத் தடவை அது வேறு மாதிரி. இருமினால் வலி, புரண்டால் வலி, யாராவது கட்டிலில் இடித்துக்கொண்டால் வலி. வழக்கமாக எங்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் ஏழுமலையின் இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள். "ரோடு பேஜாரா கீது டீச்சர். பள்ளம் வர்றப்போ கொரல் குடுக்கறேன், சாரை கெட்டியா புட்ச்சிக்கினு குந்துங்க" என்பார். அவர் குரல் கொடுக்காத பள்ளங்களில் என் கணவர் என் தொடையைக் கிள்ளிவிடுவார். ஊசிக்குக்கூட முகம் சுளிக்காத மனிதர், வேளச்சேரி ரோட்டில் வாய்விட்டு அழுததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குள் ஒரு மூலையில், கொஞ்சம் பெரிதுபடுத்துகிறாரோ என்றுதான் இருந்தது.

டாக்டர் நிர்மலா மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து) எழுதினார். "வலி வரும்வரை காத்திருக்காதீங்கம்மா. மணி பார்த்துக் குடுங்க. காலைல ஆறு, பத்து, ரெண்டு, சாயந்தரம் ஆறு, படுக்கப்போறப்ப பத்து. மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து எழுதியிருக்கேன்" என்றார். நான் தலையாட்டினேன். மனதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

அதற்குக் காரணம் என் அண்ணன். அவர் பல்லாவரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெத்தடின் (மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஊசி மருந்து) போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். வலி, வலி என்று ஒவ்வொரு நாளும் ஒரு இடத்தைக் காட்டுவார். அப்பா நம்பினார், அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். நாற்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். வலி என்று சொல்லி மருந்து கேட்பவரை நம்பினால் பறிகொடுக்க வேண்டும் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். சூடு கண்ட பூனை.

போதாக்குறைக்கு, அந்த மாத்திரையை அவர்கள் தந்த விதம். பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி, பெரிய பதிவேட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தந்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிற மருந்து எப்படி நல்ல மருந்தாக இருக்கும்? டாக்டரும் நர்ஸும் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் முடியாது, மயக்கத்திலேயே வைத்து அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்துவிட்டார்களோ?

முதல் இரண்டு நாள் வேளைக்கு ஒரு மாத்திரை. மூன்றாம் நாளிலிருந்து இரண்டு. அந்த மூன்றாம் நாள் அவர் பகலெல்லாம் தூங்கினார். எழுப்பினால் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். பல வாரம் தூங்காத மனிதர் வலி விட்டதும் தூங்குகிறார், புது மருந்தின் மயக்கமும் ஓரிரு நாளில் குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சொல்லியிருந்தாராம். முரளிக்கு நினைவிருந்தது, எனக்கு இல்லை. எனக்கு அந்தத் தூக்கத்தில் என் அண்ணனின் முகம் தெரிந்தது.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையை எடுத்தேன். இரண்டாவதற்குப் பதில் பயோகெமிக் புட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். இரண்டும் சின்னது, இரண்டும் வெள்ளை. அதுவும் எலும்புக்கான மருந்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு நாளில் வலி திரும்பிவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். "அடுத்த வேளை எப்போ?" என்று கேட்பார். கேட்கிறார் பார், பழகிவிட்டது என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. வேண்டுமென்றே பத்து நிமிடம் தாமதித்துக்கூடக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். எழுதத்தான் வேண்டும்.

பத்தாம் நாள் வாக்கில் முரளி மருத்துவமனைக்குப் போய், வலி அடங்கவில்லை என்று சொல்லி வந்தான். டாக்டர் வேளைக்கு மூன்று மாத்திரை ஆக்கினார். நான் ஒரு மார்ஃபினும் இரண்டு இனிப்பு மாத்திரையும் கொடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் அளவைக் கூட்டுகிறாரே என்று டாக்டர் மேல் என் சந்தேகம் வலுத்தது. கூட்ட வைத்தது நான்தான் என்பது கணக்கு டீச்சருக்கு உறைக்கவில்லை. மிச்சம் பிடித்த மாத்திரைகளை ஒரு காலிப் புட்டியில் போட்டு அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன்.

இப்படி இருபத்திரண்டு நாள்.

அதன் கடைசி நாள் மாலை, இடுப்பு எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்காக அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்றிரவு வரை மாத்திரை என் கையில். மறுநாள் காலை ஆறு மணி மாத்திரையை வார்டில் நர்ஸ் கொடுத்தார். சீட்டில் எழுதியிருந்தபடி மூன்று. பத்து மணிக்கு மூன்று. இரண்டு மணிக்கு மூன்று. மருந்துத் தட்டு அவர்கள் கையில். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது, வீட்டுக்குப் போனதும் குறைத்துவிடலாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு முரளி வந்து, "அப்பா" என்று தோளைத் தொட்டான். கண் திறக்கவில்லை. நர்ஸ் வந்து மார்பைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு எட்டு. எட்டு மூச்சு என்றால் எவ்வளவு குறைவு என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இதைப் படித்துக்கொண்டே உங்கள் மூச்சை எண்ணிப் பாருங்கள்.

டாக்டர் நிர்மலா ஓடிவந்தார். இமையைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல சொன்னபடி வேளைக்கு மூணு மாத்திரை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்" என்றேன்.

"ஒரு வேளைகூட விட்டுப்போகலையே?"

"இல்ல டாக்டர்."

அவர் நர்ஸிடம் வேகமாகச் சொன்னார். இரண்டு வாரமாக மூன்று மாத்திரை தாங்கின உடம்பு இன்றைக்கு மட்டும் இப்படி மயங்காது. அப்படியானால் வேறு காரணம் இருக்கிறது. மூளைக்குப் பரவியிருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம். ரத்தம் எடுங்கள், தலைக்கு ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சர் கொண்டுவாருங்கள். எல்லோரும் என் ஒரு பொய்யின் பின்னால் ஓடத் தொடங்கினார்கள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. இரண்டு பேர் அவருடைய இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்தார்கள். நினைவில்லாத நிலையிலும் அவர் முகம் கோணியது. யாரை ஏமாற்ற அந்த முகம் கோண வேண்டும்? அந்தக் கணத்தில்தான் நான் முதன்முதலாக அவருடைய வலியை நம்பினேன்.

"ஒண்ணுதான் குடுத்தேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "டாக்டர், வேளைக்கு ஒண்ணுதான் குடுத்தேன். மீதி ரெண்டும் சும்மா இனிப்பு மாத்திரை."

டாக்டர் கையை உயர்த்தி ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். மார்ஃபினை முறிக்கும் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். முழுவதும் முறித்துவிட்டால் வலி ஒரேயடியாகத் திரும்பிவிடுமாம். மூச்சு பத்தானது, பன்னிரண்டானது. மாலைவரை நர்ஸ் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

முரளி சுவரோரமாக நின்றிருந்தான். சின்ன வயதிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. "அப்பா வலில கத்தினப்போ நீ பக்கத்துலதானம்மா உட்கார்ந்திருந்தே" என்றான். அதற்குப் பிறகு வெகுநாள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினான்.

மறுநாள் காலையில் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் அண்ணனைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "போதைக்காக எடுக்கிறது வேற, வலிக்காக எடுக்கிறது வேறம்மா. வலி அடங்காதவர்தான் கடிகாரத்தையே பாத்துட்டிருப்பார். வலி அடங்கினா மருந்து ஞாபகமே வராது" என்றார். பிறகு, "இவருக்கு எவ்வளவு வலின்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க. அவர் சொல்றதை அப்படியே எழுதிட்டு வாங்க. நீங்க திருத்தக் கூடாது, டீச்சர்" என்றார்.

என் கணவரிடம் நானே சொன்னேன். தலையணையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "மார்ஃபின் வேப்பங்காயா கசக்கும் டீச்சர். ஒண்ணு கசந்தது, மத்தது இனிச்சுது. அது தெரியாமலா முழுங்குவேன்?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லையோன்னு நினைச்சேன். எண்ணி எண்ணித் தர்ற மருந்து. கிடைக்காம நீ எங்கெங்கயோ அலையுற, அதைச் சொல்ல முடியாம இனிப்பைக் குடுத்துச் சமாளிக்கிறியோன்னு நினைச்சேன். கேட்டா உன் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

அந்த மனிதர் சந்தேகப்படத் தெரியாதவர் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டரைச் சந்தேகப்பட்டார், ஸ்கேன் எடுத்தவரைச் சந்தேகப்பட்டார், நானும் முரளியும் சொன்ன எலும்புத் தேய்மானத்தைச் சந்தேகப்பட்டார். என் கை கொடுத்த மாத்திரையை மட்டும் சந்தேகப்படவில்லை. அது இனித்தபோதும். அந்த வார்டில் அத்தனை பேர் நடுவே நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "மெதுவா, அதுவும் எலும்புதான்" என்றார்.

நோயின் பெயரையும் அன்றே சொன்னேன். "மார் வீங்கினப்பவே நினைச்சேன்" என்றார்.

அளவை மறுபடி கீழிருந்து தொடங்கி, வேளைக்கு இரண்டு மாத்திரையில் நிறுத்தினார்கள். ஐந்து நாள் கதிர்வீச்சு. முதலில் வலி கொஞ்சம் கூடியது. பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள், இந்தத் தடவை நான் காதில் வாங்கியிருந்தேன். இரண்டு வாரத்தில் எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மூன்று என்றார். நான் மூன்று என்று எழுதினேன். மலச்சிக்கல் பாடாய்ப் படுத்தியது. அந்த மருந்தையும் மணி பார்த்துக் கொடுத்தேன். அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருந்த மாத்திரைகளைக் கொண்டுபோய்ப் பூட்டிய அலமாரிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் கையெழுத்து வாங்கினார்.

ஐந்து மாதம் இருந்தார். எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். தங்கையின் கணவர் பார்க்க வந்தபோது சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருந்தார். சில நாட்களில் மருந்து வேளை தாண்டியதுகூட அவருக்குத் தெரியாது, நான்தான் நினைவுபடுத்துவேன். கடைசி வாரம் மாத்திரை இறங்காதபோது ஊசிக்கு மாற்றினார்கள். அப்போதும் நம்பர் கேட்டேன். விரலைக் காட்டினார். ஒரு நாள் மதியம் இரண்டு விரலைக் காட்டிவிட்டுத் தூங்கினார். மறுநாள் போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லாம், முப்பத்தொரு வருடம் கூடவே வாழ்ந்தீர்களே என்று சொல்லி ஆறுதல் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் எனக்குக் கோர்வையாக நினைவில் இல்லை. இருபத்திரண்டு நாள் இருக்கிறது, வேளைக்கு வேளை, பத்து நிமிடத் தாமதங்கள் உட்பட. அவருக்கு மிச்சம் இருந்ததே ஆறேழு மாதம். அதில் அந்த நாட்களை அவரிடமிருந்து எடுத்தவள் நான்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் எனக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. ரவிக்கை போடக் கையைத் தூக்க முடியவில்லை. அறுபதைத் தாண்டிய வயதில் இதெல்லாம் சகஜம், சொன்னால் பெரிதுபடுத்துகிறாள் என்பார்கள் என்று நாலைந்து நாள் சொல்லாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முரளி வந்தவன், நான் இடது கையால் சோறு போடுவதைப் பார்த்துவிட்டான்.

"எவ்வளவும்மா வலிக்குது? பத்துக்கு எவ்வளவு?" என்றான்.

"ஆறு" என்றேன்.

நிஜமாவா என்று கேட்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, மருந்துக் கடைக்குப் போவதற்காகச் செருப்பை மாட்டினான்.